தொடாத வைத்தியம்

கீழ்பென்னாத்தூரில் இருக்கும் என் அத்தைக்கு எழுபத்திரண்டு வயது. வேர்க்கடலைக் கொல்லையில் குனிந்து நிமிர்ந்தே உரமேறிய உடம்பு. போன வருஷம் ஒரு நாள், வயிற்று வலி என்று சுருண்டு படுத்துவிட்டாள். ஊருக்குப் போயிருந்த நான் அவளை ஒரு மருத்துவ நிலையத்துக்கு அழைத்துப் போனேன். டாக்டர் உட்கார வேண்டிய இடத்தில் ஒரு திரை இருந்தது. திரையில் ஓர் இளைஞர் தோன்றினார். மரியாதையாகத்தான் பேசினார். "எங்கேம்மா வலிக்குது?" என்று கேட்டார். அத்தை வயிற்றைத் தடவிக் காட்டினாள். "வாயுதான், பயப்படாதீங்க" என்று மருந்து சொன்னார். திரை இருண்டது.

வெளியே வந்ததும் அத்தை கேட்டாள்: "ஏம்பா, டாக்டரு என்னைத் தொட்டே பாக்கலியே, அவருக்கு எப்படித் தெரியும்?"

அன்று ராத்திரி அடுத்த தெருவில் இருக்கும் நர்ஸ் ஒருத்தி வந்தாள். அத்தையின் வயிற்றில் கை வைத்து மெல்ல அழுத்திச் சட்டென்று கையை எடுத்தாள். அத்தை அலறினாள். வயிறு பலகைபோல் இறுகிக் கிடந்தது. "இது வாயு இல்லீங்க. உடனே திருவண்ணாமலைக்குக் கொண்டு போங்க" என்றாள். 108 வண்டி வந்தது. குடல்வால் வெடித்திருந்தது. அறுவைச் சிகிச்சையால் அத்தை பிழைத்தாள்.

அந்த இளைஞரை நான் குற்றம் சொல்லமாட்டேன். ஒருவர் கையைக் கட்டிப்போட்டுவிட்டு வைத்தியம் பார் என்றால் அவர் என்ன செய்வார்? என் வழக்கு, கட்டிப்போட்டவர்களோடு.

இந்தத் திரைக்கு இப்போது காலும் முளைத்திருக்கிறது. ஆளுயரத் தண்டு, உச்சியில் டாக்டரின் முகம் தெரியும் திரை, கேமரா, அடியில் சக்கரங்கள். எங்கோ இருக்கும் டாக்டர் இணையத்தின் வழியே அதை நோயாளியின் கட்டிலருகே ஓட்டி வருகிறார். ஆஸ்பத்திரிக்குள் தானே வழி கண்டு போகும் 'ஆர்.பி.-வீட்டா' என்ற ரோபோவுக்கு 2013 ஜனவரியில் அமெரிக்க அரசு அனுமதி தந்தது. 2020இல் கொரோனா வந்தபோது, திருச்சியில் இயங்கும் ஒரு நிறுவனம் 'ஜாஃபி' என்ற ரோபோக்களை அவ்வூர் அரசு மருத்துவமனைக்குக் கொடுக்க முன்வந்தது.

நான் யந்திரத்தின் எதிரியல்ல. தொட்டால் ஒட்டும் நோய்க்கு நடுவே யந்திரம் போய் மருந்து கொடுத்தால், அதைக் கையெடுத்துக் கும்பிடுவேன். பக்கவாதம் கண்டவனுக்கு நிமிஷங்கள்தாம் உயிர். நூறு மைலுக்கு அப்பாலிருக்கும் நிபுணர் திரையில் வந்து வழி சொன்னால் அது பெரிய உபகாரம். ஆனால் அங்கெல்லாம் நோயாளியின் பக்கத்தில் இன்னொரு டாக்டரோ நர்ஸோ நிற்கிறார் என்பதை மறந்துவிடக் கூடாது.

2019இல் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் ஓர் ஆஸ்பத்திரி அறைக்குள் இப்படி ஒரு ரோபோ வந்தது. நுரையீரல் கெட்டுக் கிடந்த 78 வயதுக் கிழவரிடம், இனிப் பிழைக்க வழியில்லை என்று திரையிலிருந்த டாக்டர் சொன்னார். கிழவருக்குக் காது மந்தம். கேட்கவில்லை. பக்கத்திலிருந்த பேத்தி அந்தச் சொல்லைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டியதாயிற்று! பணத்துக்கும் யந்திரத்துக்கும் பஞ்சமில்லாத தேசத்திலேயே இந்தக் கதி.

"இல்லாததற்கு இது மேல் அல்லவா?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியைத்தான் நான் வெறுக்கிறேன். கிராமத்துக்காரனுக்கு எதைக் கொடுத்தாலும் இதே வாதம். கேட்பவர்கள் தங்கள் தாய்க்கு வயிற்று வலி வந்தால் திரையோடு திருப்திப்படுவார்களா? காரை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் பறப்பார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. திரையில் தெரியும் கை வயிற்றை அழுத்த உதவுமா? 2020 மார்ச் 25 அன்று இந்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ நெறிமுறைகளே, திரை போதுமா, நேரில் பார்த்தாக வேண்டுமா என்று தீர்மானிப்பதை டாக்டரின் பொறுப்பில் விடுகின்றன. நேரில் பார்க்க ஆளே இல்லாத ஊரில் அந்தப் பொறுப்புக்கு என்ன அர்த்தம்?

சர்க்காரின் 'ஈசஞ்சீவனி' 2023 பிப்ரவரியில் பத்துக் கோடி ஆலோசனைகளைத் தாண்டியது. சந்தோஷம். ஆனால் எத்தனை பேர் திரையைப் பார்த்தார்கள் என்ற கணக்கோடு, எத்தனை பேரை ஒரு கை தொட்டுப் பார்த்தது என்ற கணக்கையும் எனக்குக் காட்டுங்கள்.

வழி தெரியாமல் நான் பேசவில்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை கிராமங்களில் நடத்தும் கண் சிகிச்சை மையங்களில், பயிற்சி பெற்ற பெண் நோயாளியின் கண்ணை நேரே சோதிக்கிறாள்; பிறகுதான் தொலைவிலுள்ள டாக்டர் திரையில் பேசுகிறார். 2021 ஆகஸ்டு 5 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு தேடிப் போய் ரத்த அழுத்தம் பார்ப்பவள் மனுஷி. சக்கரம் ஏற முடியாத வாசற்படியை அவள் கால் ஏறிவிடுகிறது.

ஆகவே நான் கேட்பது இரண்டு. திரையோ ரோபோவோ எது வந்தாலும், அதன் பக்கத்தில் தொட்டுப் பார்க்கத் தெரிந்த ஒருவர் நிற்கட்டும்; 'இவரை உடனே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பு' என்று சொல்லும் அதிகாரமும் அவருக்கு இருக்கட்டும். இரண்டாவது, திரை வைத்த ஊரில் டாக்டர் பதவி நிரம்பிவிட்டதாக எந்தக் காகிதத்திலும் எழுதாதீர்கள்.

அத்தை இப்போது மறுபடியும் கொல்லைக்குப் போகிறாள். திரையில் பார்த்த முகம் அவளுக்கு ஞாபகமில்லை. அந்த நர்ஸ் தெருவில் போனால் மட்டும் கூப்பிட்டு, ஒரு படி வேர்க்கடலை கொடுத்து அனுப்புகிறாள்.