இரண்டு ஊர், ஒரு மார்பு

ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழலாம், ராஜபாளையத்தில் சம்பாதிக்கலாம் என்று ஒரு கவிஞ நண்பர் சொன்னார். சொன்ன அழகில் தானே மயங்கி அதைக் கவிதையாகவும் எழுதிவிட்டார். ஒரு பக்கம் கோபுரம், மாலை, துளசி. மறுபக்கம் சங்கு, புகை, பஞ்சு. இதைப் பார்வை என்று நான்கு பேர் பாராட்டியும் ஆயிற்று.

எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் இருக்கிறார், பொருளாதாரம் படித்தவர். 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா மில் தொடங்கியதிலிருந்து ஆரம்பிப்பார். 2011 கணக்கெடுப்பில் ராஜபாளையம் 1,30,000 பேருக்கு மேல், ஸ்ரீவில்லிபுத்தூர் 75,000 சொச்சம். ஜனங்கள் எங்கே போகிறார்களோ அங்கேதான் வாழ்க்கைத் தரம் என்பார். இருவரும் சண்டை போடுவதாகத் தோன்றும். உண்மையில் இருவரும் சேர்ந்து, சுமார் 12 கிலோமீட்டர் சாலையின் நடுவே ஒரு கோடு கிழிக்கிறார்கள். சண்டை அதற்குப் பிறகுதான்.

என் அப்பா அந்தக் கோட்டை இருபத்தெட்டு வருஷம் தாண்டினார். முதலில் சைக்கிளில், பிறகு பஸ்ஸில். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், வேலை ராஜபாளையத்தில் ஒரு மில்லின் கார்டிங் பகுதியில். அரை நைட், முழு நைட் எல்லாம் உண்டு. வார லீவு முடிந்து போகும் முதல் நாள் அவருக்கு மார்பு இறுகும், மூச்சு வாங்கும். இரண்டாம் நாள் தணியும். ஒருநாள் ஓய்வில் உடம்பு சொகுசு கண்டுவிட்டது என்று அவரே தன்னைத் திட்டிக்கொள்வார். பஞ்சுத் தூசியால் வரும் பிஸினோசிஸ் நோயின் ஆரம்ப லட்சணமே அதுதான் என்று பின்னால் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். சோம்பல் என்று அவர் வெட்கப்பட்டதுதான் நோய். பிறகு வாரத்தின் எல்லா நாளும் முதல் நாளாயிற்று.

இப்போது கணக்குப் போடுங்கள். அவர் நூற்ற நூல் ராஜபாளையத்தின் உற்பத்தி. அவருடைய இருமல் ஸ்ரீவில்லிபுத்தூரின் சுகாதாரம். ஒப்பிட்டால் முதல் ஊர் செழிப்பு, இரண்டாவது ஊர் நோஞ்சான். எவ்வளவு சுத்தமான முடிவு!

இது நம் ஊர்க் கோணல் மட்டுமல்ல. ஐரோப்பாவில் லக்ஸம்பர்க் என்ற குட்டி நாடு, தலைக்கு இவ்வளவு உற்பத்தி என்ற பட்டியலில் பிரான்ஸை வெகு தூரம் பின்னால் தள்ளி நிற்கிறது. அங்கே உழைப்பவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் காலையில் பிரான்ஸிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்து இரவு வீடு திரும்புகிறவர்கள். உற்பத்தியில் அவர்கள் கை உண்டு. வகுக்கும்போது அவர்கள் தலை கிடையாது. 1990இல் மஹ்பூப் உல் ஹக், அமர்த்தியா சென்னின் துணையோடு, ஆயுளையும் படிப்பையும் வருமானத்தோடு சேர்த்து மனித வளர்ச்சிக் குறியீடு கொண்டுவந்தார். நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் அதுவும் எல்லைக்குள் நின்றுதான் எண்ணுகிறது.

கவிஞரின் கோடு இதைவிட மோசம். ராஜபாளையத்தில் குமாரசாமி ராஜா தன் வீட்டையே கொடுத்து காந்தி கலை மன்றம் ஆக்கினார்; அது அவர் கவிதையில் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரின் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அடுப்பு அனலில் நின்று கிண்டுகிறவனின் தோள்பட்டை அவர் கவிதையில் இல்லை. ஒரு ஊருக்கு ஆத்மா, இன்னொன்றுக்கு வயிறு என்று பங்கு பிரித்துக் கொடுப்பது ரசனை அல்ல, சோம்பேறித்தனம்.

கடைசி நான்கு வருஷம் அப்பா படுத்துத் தூங்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டும். திண்ணையில் தலையணையை மடியில் வைத்து, அதன்மேல் கவிழ்ந்து தூங்குவார். அங்கிருந்து பார்த்தால் 192 அடிக் கோபுரம் முழுசாகத் தெரியும். நண்பர் ஒருமுறை வந்தவர், கோபுரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, 'கொடுத்து வைத்தவர் உங்கள் அப்பா' என்றார். அப்பா பதில் சொல்ல வாயெடுத்தார். இருமல் வந்துவிட்டது.

கவிதையை அடுத்த தொகுப்பில் சேர்க்கப்போகிறாராம். சேர்க்கட்டும். அதற்கு முன்னால் ஒருமுறை முழு நைட்டுக்குப் போகிறவர்களோடு பஸ்ஸில் ஏறி வரட்டும்; டிக்கெட் நான் எடுக்கிறேன்.