தானே விழும் பாலங்களின் இலக்கணம்

ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதக் கற்றுத்தரும் வகுப்பு எதுவானாலும், முதல் வாரத்திலேயே ஒரு குற்றவாளி கைது செய்யப்படுவது வழக்கம். அதன் பெயர் செயப்பாட்டுவினை. செய்தவரை மறைக்கும் வினை, பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வினை, அதிகாரத்தின் முகமூடி என்று அதன்மீது குற்றப்பத்திரிகை வாசிக்கப்படும். 1946இல் ஆர்வெல் எழுதிய கட்டுரை சாட்சிக்கு அழைக்கப்படும். (மேலே உள்ள வாக்கியங்களில் மூன்று செயப்பாட்டுவினையில் அமைந்தவை. யார் கைது செய்தார், யார் வாசித்தார், யார் அழைத்தார் என்பது எந்த மாணவருக்கும் புரியாமல் போகாது.)

உண்மையில் ஆளை மாற்றிப் பிடித்திருக்கிறார்கள். மறைக்கும் தொழிலில் தேர்ந்த வினைகள் வேறு. அவை இலக்கண வடிவில் செய்வினைகள்; அதனால் எந்த நடைக் கையேடும் அவற்றைத் தடுத்து நிறுத்துவதில்லை. 'கொலாப்ஸ்', 'ஃபெயில்' ஆகிய இரண்டும் அவற்றுள் முதன்மையானவை.

2022 அக்டோபர் 30 அன்று குஜராத்தின் மோர்பி நகரில் மச்சு ஆற்றின் மீதிருந்த தொங்குபாலம் அறுந்து 135 பேர் இறந்தனர். ஆங்கில நாளிதழ்களின் தலைப்புகளில் 'பாலம்' எழுவாய், 'கொலாப்ஸ்' பயனிலை. வாக்கியம் அங்கேயே முடிந்துவிடுகிறது. பராமரிப்பு ஒப்பந்தம் கடிகாரம் தயாரிக்கும் ஒரு நிறுவனத்திடம் இருந்ததும், பழுதுபார்ப்பு முடிந்ததாகச் சொல்லி நான்கு நாள்களுக்கு முன்புதான் பாலம் திறக்கப்பட்டதும், முதன்மை வடம் ஒன்றின் 49 கம்பிகளில் 22 துருவேறி முன்பே அறுந்திருக்கக்கூடும் எனச் சிறப்புப் புலனாய்வுக் குழு பின்னர்க் கூறியதும் அந்த வினைக்குள் நுழைய இடமில்லை. அது கடைசி வினாடியை மட்டுமே அறியும்.

இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. மொழியியல் மாணவர் அனைவருக்கும் பழக்கமானதுதான். 'காப்பீட்டுப் பணம் பெறுவதற்காகக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது' என்பது இயல்பான வாக்கியம். 'காப்பீட்டுப் பணம் பெறுவதற்காகக் கப்பல் மூழ்கியது' என்பதோ கப்பலுக்கே பண ஆசை வந்ததுபோல் ஒலிக்கிறது. முதல் வாக்கியத்தில் வினைமுதல் சொல்லப்படவில்லையே தவிர, அதற்குரிய இடம் காலியாகக் காத்திருக்கிறது. நோக்கத்தை அதன்மேல் ஏற்ற முடிகிறது, 'யாரால்?' என்று கேட்க முடிகிறது. இரண்டாவதில் அந்த இடமே இல்லை. பெர்ல்மட்டர் 1978இல் முன்வைத்த கருதுகோளின்படி, இத்தகைய வினைகளின் எழுவாய் அடிநிலையில் செயப்படுபொருளே. செய்பவருக்குரிய இடம் அவற்றில் இல்லை. ஆக, செயப்பாட்டுவினை வினைமுதலைத் திரைக்குப் பின்னால் நிறுத்துகிறது. 'கொலாப்ஸ்' வினைமுதலைப் பிறக்கவே விடுவதில்லை.

இவ்வினைக்கு ஆங்கிலத்தில் பிறவினைப் பயன்பாடே கிடையாது என்று கருத வேண்டா. மடக்கு மேசையை ஒருவர் 'கொலாப்ஸ்' செய்யலாம். புள்ளியியல் ஆய்வாளர் இரண்டு வகைப்பாடுகளை ஒன்றாக்கி 'கொலாப்ஸ்' செய்யலாம். ஆய்வேடுகளின் முறையியல் இயலில் இதைக் காணலாம். ஆனால் 'உரிமையாளர் கட்டடத்தை கொலாப்ஸ் செய்தார்' என்றால் ஆங்கிலக் காது சுளிக்கும். மேசைக்கு வினைமுதல் உண்டு, கட்டடத்துக்கு இல்லை. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் சாவரில் ராணா பிளாசா விழுந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முந்தைய நாளே சுவர்களில் விரிசல் கண்டு கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியரை அனுப்பிவிட்டது. ஆடைத் தொழிலாளரோ மறுநாள் உள்ளே வரவழைக்கப்பட்டனர். 'வரவழைக்கப்பட்டனர்' என்ற செயப்பாட்டுவினை இங்கே எவ்வளவு பேசுகிறது!

'ஃபெயில்' இன்னும் நுட்பமானது. அதன் இலத்தீன் மூலமான 'ஃபல்லெரே' ஏமாற்றுதலைக் குறித்தது. எதிர்பார்ப்பு உள்ள இடத்தில்தான் இந்த வினை பொருள்படும்; வாக்குக் கொடுத்தவர்தான் தவற முடியும். ஆனால் பொறியியல் அறிக்கைகளில் வாக்குத் தவறுவது அணை. அதே மோர்பிக்கு மேலே இருந்த மச்சு இரண்டாம் அணை 1979 ஆகஸ்ட் 11 அன்று 'ஃபெயில்' ஆனது; ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். மண்கரை யாருக்கும் எந்த வாக்கும் தரவில்லை. அன்று வந்த வெள்ளம் மதகுகளின் கொள்ளளவைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. அந்தக் கொள்ளளவைக் கணக்கிட்டவை மண்ணும் கல்லும் அல்ல.

இதே வினை மாணவரிடம் வரும்போது நடத்தையை மாற்றிக்கொள்கிறது. அணை 'ஃபெயில்' ஆனால் யார்மீதும் பழி இல்லை. மாணவர் 'ஃபெயில்' ஆனால் முழுப் பழியும் அவர்மீதே. தமிழ்நாட்டுக் கல்லூரி வளாகங்கள் இந்தக் கடன்சொல்லை இரண்டாகப் பிளந்து வைத்திருப்பது கவனிக்கத்தக்கது. ஆசிரியர் அறையில் 'பெயில் ஆயிட்டான்'. விடுதி அறையில் 'பெயில் போட்டுட்டாங்க'. தன்வினை, பிறவினை குறித்த பாடத்தை இதைவிடச் சுருக்கமாக எவரும் நடத்திவிட முடியாது.

தமிழ் இந்நோயிலிருந்து தப்பிய மொழி என்று பெருமை பேசுவோருக்கும் ஒரு சொல். 'இடிந்தது – இடித்தது', 'அறுந்தது – அறுத்தது' என ஒரே வேரிலிருந்து இணைகள் நமக்கு இருப்பது உண்மை. கு. பரமசிவம் தம் ஆய்வில் இவ்விணைகளை விரிவாக ஆராய்ந்தார். ஆனால் துருவேறிய வடத்தை மாற்றாமல் விட்டவரை 'அறுத்தார்' என்று தமிழும் சொல்லாது. பார்க்காமல் விட்டதும், கேட்காமல் இருந்ததும், கையொப்பமிட்டதும் இந்த இணைகளில் எந்தப் பக்கத்திலும் அடங்குவதில்லை. அவற்றுக்குத் தனி வாக்கியம் வேண்டும். அதை எழுத வேண்டியவர் எழுத்தாளரே. மொழியின் வேர்கள் அவருக்காக எழுதித்தர மாட்டா.

காரணம் தெரியாத முதல் நாளில் 'விழுந்தது' என்று மட்டும் எழுதுவதே நேர்மை என்பர். ஒப்புக்கொள்ளலாம். குறை அந்த முதல் நாள் தலைப்பில் இல்லை. அந்த வினை மறுநாளே பெயர்ச்சொல்லாகி, 'மோர்பி பால கொலாப்ஸ்' என்று கோப்புகளிலும் கருத்தரங்கத் தலைப்புகளிலும் ஆய்வேட்டு முன்னுரைகளிலும் குடியேறிவிடுகிறது. காரணம் தெரிந்து ஆண்டுகள் கடந்த பின்னும் பெயர் மாறுவதில்லை. அதைத் தட்டச்சு செய்யும் அதே கை, நெறியாளர் சொன்னார் என்பதற்காகச் செயப்பாட்டுவினைகளைத் தேடித்தேடி அழித்துக்கொண்டிருக்கிறது.

1979 அணை உடைப்பை விசாரிக்க அமைக்கப்பட்ட ஆணையம் தன் பணி முடியும் முன்பே கலைக்கப்பட்டது. யாரால் என்று கேட்கலாம். மாநில அரசால்.