பனியனைக் காக்கும் பொறிவண்டு

திருப்பூர் பனியனை மாட்டிக்கொண்டு திண்ணையில் காற்று வாங்கும் அன்பர்களே! அந்தப் பனியன் உருவாவதில், கூலி வாங்காத ஒரு வேலையாளுக்கும் பங்கு உண்டு. மிளகளவே உள்ள பொறிவண்டுதான் அது!

பருத்திச் செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சி, தேன்போன்ற திரவத்தை வெளியிடுகிறது. வெடித்த காயின்மேல் அது விழுந்தால் பஞ்சு பிசுபிசுத்துவிடும். நூற்பாலையில் உருளைகளில் ஒட்டிக்கொண்டு நூலை அறுக்கும். இந்த அசுவினிதான் பொறிவண்டுக்கு விருந்து!

நம் பருத்திக் காடுகளில் சாதாரணமாகக் காணும் பொறிவண்டுக்கு மஞ்சள் அல்லது ஆரஞ்சு மேனி. அதில் கறுப்பு நெளிகோடுகள். ஆறு கால்கள், இரண்டு குட்டை உணர்கொம்புகள். முதுகில் கவிந்திருப்பது ஓடு அல்ல. முன்னிறக்கைகளே கெட்டிப்பட்டு மூடியாகியிருக்கின்றன. பறக்கும்போது மூடி திறக்கும். உள்ளே மடித்து வைத்த மெல்லிய இறக்கைகள் விரியும். யாராவது சீண்டினால் கால் மூட்டுகளில் கசப்பான மஞ்சள் திரவம் கசியும். அப்புறம் எந்தப் பறவை அதைத் தின்னும்? முதுகுப் புள்ளிகளை எண்ணி வயது சொல்வது மட்டும் வெறும் கதை!

தாய் வண்டு, அசுவினி மொய்க்கும் செடியில் மஞ்சள் முட்டைகளைக் கொத்தாக இடுகிறது. சில நாட்களில் புழு வெளிவருகிறது. கறுத்து நீண்ட, குட்டி முதலை போன்ற உருவம்; தாயின் சாயல் எள்ளளவும் கிடையாது! அசுவினிகளைத் தின்று, மூன்று முறை தோலுரித்து வளர்ந்தபின், வால் நுனியை இலையில் ஒட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகிறது. அதிலிருந்து வெளிவரும் வண்டு முதலில் வெளிறியிருக்கும். நேரம் செல்லச் செல்ல நிறமும் கோடும் தோன்றும். நம் ஊர் வெயிலில் எல்லாம் இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும்.

ஆபத்து அந்தப் புழுப் பருவத்தில்தான். "ஐயோ, புழு!" என்று நசுக்கி விடுகிறோம், அல்லது மருந்தடித்து விடுகிறோம். காவலாளி சாகிறான், தப்பிய அசுவினி முன்னிலும் வேகமாகப் பெருகுகிறது.

இந்தக் குலத்திலும் கோடரிக்காம்பு உண்டு. கத்தரி இலையைச் சுரண்டும் ஆமை வண்டு இதன் பங்காளி. அதன் புழு மஞ்சளாக, முள் முள்ளாக இருக்கும். மற்றவர்களின் பெருமையோ கடல் கடந்தது. 1888-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து கலிபோர்னியாவுக்குப் போன பொறிவண்டுகள் அங்கே ஆரஞ்சுத் தோட்டங்களைக் காப்பாற்றின. 1898-ல் காப்பிச் செடியைக் காக்க இந்தியாவுக்கும் ஓர் ஆஸ்திரேலிய வண்டு வரவழைக்கப்பட்டது.

ஆகவே, அம்மணிகளே, உங்கள் அவரைப் பந்தலில் அசுவினிகளுக்கு நடுவே கறுப்புப் புழு ஒன்று ஊர்ந்தால் விளக்குமாற்றைத் தேடாதீர்கள். இரண்டு வாரம் பொறுங்கள். உங்கள் வேலையை அது செய்து முடித்திருக்கும்!