கண்டலும் நாமும்



களப்போரக் கண்டல்களை வெறும் விறகென்று எண்ணாதீர்கள். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை இழுத்தே அவை வளர்கின்றன. உதிரும் இலைகளும் வேர்களும் ஒட்சிசன் குறைந்த சேற்றில் மெதுவாகவே உக்குகின்றன. அதனால் அந்தக் காபன் நூற்றாண்டுக் கணக்கில் மண்ணிலேயே தங்குகிறது. கண்டலை அழித்து இறால் பண்ணை வெட்டினால் அது மீண்டும் காற்றில் கலந்து பூமியைச் சூடாக்கும். மீன்குஞ்சுகளும் ஒதுங்க இடமின்றி அழியும்.

தனியே குடும்பம் சுமக்கும் பெண்ணிடம் "வெட்டாதே" என்று மட்டும் சொல்வது நியாயமா? 2015இல் இலங்கையில் ஆரம்பித்த திட்டமொன்று, களப்போரப் பெண்களுக்குப் பயிற்சியும் சிறுகடனும் வழங்கி, கண்டலைக் காக்கும் பொறுப்பையும் ஒப்படைத்தது. விறகுக்கு வேலியில் சீமைக்கிளுவை நடலாம். உங்கள் மாதர் சங்கத்தில் இதைப் பேசுங்கள்.