வெளிச்சவீடுகளும் விடுபட்ட கரைகளும்

2022 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியிலிருந்து நாட்டை மீட்கும் வழிகளில் உல்லாசப் பிரயாணத்துறை முதன்மையானது என அன்றிலிருந்து ஆட்சிகள் மாறியபோதும் மாறாமற் கூறப்பட்டு வருகின்றது. நாற்புறமும் கடல் சூழ்ந்த எமது நாட்டின் பழைமை வாய்ந்த வெளிச்சவீடுகளைப் படகில் சென்று பார்வையிடும் பயணங்கள் அத்துறைக்குக் கிடைத்துள்ள ஒரு நல்வாய்ப்பாகும். ஆயின், அவ்வாய்ப்பு எந்தக் கரையோடு நின்றுவிடுகின்றது என்பதே நாம் எழுப்ப வேண்டிய கேள்வியாகும்.

தென்மேற்குக் கரையோரத்தில் இதற்கான அடித்தளம் ஏற்கனவே உண்டு. பேருவளைக்கு அப்பால் சிறு தீவொன்றில் 1889 இல் எழுந்த பாபரின் வெளிச்சவீட்டுக்குப் படகுகள் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன. கடலில் இருந்தபடியே கெச்சிமலைப் பள்ளிவாசலின் வெண்ணிறத் தோற்றத்தையும் காணமுடிகின்றது. காலிக் கோட்டையில் 1939 இல் கட்டப்பட்ட வெளிச்சவீட்டின் அயலிலே மீரான் பள்ளிவாசல் அமைந்துள்ளது. 1890 முதல் ஒளிரும் தேவேந்திரமுனை வெளிச்சவீடு 49 மீற்றர் உயரத்துடன் நாட்டிலேயே மிக உயர்ந்ததாக விளங்குகின்றது.

இக்கடற்பாதை எந்த ஓர் இனத்துக்கும் தனியுரிமையாக இருந்ததில்லை. 14 ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த இப்னு பதூதா, தேவேந்திரமுனையின் பெருங்கோயிலைப் பற்றி எழுதிவைத்துள்ளார். காலியில் 1911 இல் கண்டெடுக்கப்பட்ட, சீனக் கடற்தளபதி செங் ஹேயின் 1409 ஆம் ஆண்டுக் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளிலும் பொறிக்கப்பட்டதாகும். அதன் தமிழ்ப் பகுதி அக்கோயிலின் இறைவனையும் பாரசீகப் பகுதி இஸ்லாத்தையும் போற்றுகின்றன. பயணிகளுக்குக் கூறப்படும் வரலாற்றில் இவையும் இடம்பெற வேண்டும்.

வடக்கு, கிழக்கின் நிலையோ வேறு. 1893 இல் அமைந்த காங்கேசன்துறை வெளிச்சவீடு நீண்டகாலம் உயர்பாதுகாப்பு வலயத்தினுள் அகப்பட்டிருந்தது. முல்லைத்தீவு வெளிச்சவீடு யுத்தத்தில் அழிந்தது. கொட்டியாரக் குடாவின் வாயிலில் 1863 இல் எழுந்த பவுல்முனை வெளிச்சவீடு யுத்தத்தினால் சிதைந்து கைவிடப்பட்டது. எனினும் 1916 ஆம் ஆண்டின் பருத்தித்துறை வெளிச்சவீடும், காரைநகர் கோவளம் வெளிச்சவீடும், 1913 இல் மட்டக்களப்பு முகத்துவாரத்தில் எழுந்த வெளிச்சவீடும் இன்றும் நிற்கின்றன. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் வந்ததன் பின்னரும் இவற்றை இணைத்துக் காட்டும் ஒரு திட்டத்தை முன்னெடுக்காதிருப்பது பொருத்தமானதல்ல.

இது நியாயம் சார்ந்த கோரிக்கை மட்டுமல்ல, வருமானம் சார்ந்ததுமாகும். சோளகக் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் தெற்கு, மேற்குக் கடல்கள் கொந்தளிக்கின்றன. அக்காலத்தில் கிழக்குக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். வாடைக்காலத்தில் நிலைமை மறுதலையாகின்றது. ஆகவே, கிழக்குக் கரையை விட்டுவிடும் திட்டம் ஆண்டின் ஏறத்தாழ அரைவாசிக் காலத்தையே இழந்துவிடுகின்றது.

எவ்வாறாயினும் பாதுகாப்பின்றிப் படகுப் பயணம் இல்லை. 2021 நவம்பர் 23 இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை கவிழ்ந்து பாடசாலை மாணவர் உள்ளிட்டோர் பலியானதை நாம் மறந்துவிட முடியாது. கரைக்கு மிக அருகிலேயே அத்தனை உயிர்கள் பறிபோயின என்றால் திறந்த கடலில் எத்தகைய கவனம் தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உயிர்காப்பு அங்கி, பயணிகளின் எண்ணிக்கைக்கான வரையறை, படகுகளின் தகுதிப் பரிசோதனை ஆகியன இல்லாத எந்தப் படகுக்கும் அனுமதி வழங்கப்படலாகாது. விபத்து நேர்ந்த பின்னர் விசாரணைக் குழு அமைக்கும் வழமைக்கு முற்றுப்புள்ளி வைக்கப்பட வேண்டும்.

மேலும், அனுமதிப்பத்திரங்கள் தலைநகரிலுள்ள பெரு நிறுவனங்களுக்கே சென்றடையுமாயின், கரையோரத்தில் வாழ்பவன் தனது கடலிலேயே பார்வையாளனாகிவிடுவான். உள்ளூர் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் அதில் முன்னுரிமை வழங்கப்பட வேண்டும். பொதுமக்கள் செல்லத் தடையுள்ள வெளிச்சவீடுகள் திறந்துவிடப்படுவதோடு, சிதைந்தவை புனரமைக்கப்படவும் வேண்டும். இரவில் வலை வீசச் செல்லும் தொழிலாளிக்கும் திசை காட்டுபவை வெளிச்சவீடுகள். அவற்றைக் காட்சிப்பொருளாக்கிப் பெறும் வருமானத்தில் அவனுக்கும் பங்கிருந்தால் மட்டுமே இப்பயணங்கள் அர்த்தமுள்ளவையாக அமையும். சம்பந்தப்பட்டவர்கள் இதனைக் கவனத்திற் கொள்வார்களா?