சுவரொட்டியில் விழுந்து கிடப்பவருக்கு ஏன் எங்கள் அப்பாவின் முகம்?

ஜூன் 26 நெருங்கினால் புதுக்கோட்டை மாவட்டப் பள்ளிக்கூடங்களில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். கந்தர்வகோட்டையிலிருந்து மணமேல்குடி வரை ஒரே காட்சிதான். பிள்ளைகளை வெயிலில் இரண்டிரண்டு பேராக நிறுத்துவார்கள். கையில் பதாகை கொடுப்பார்கள். காவல்துறை அதிகாரி ஒருவர் கொடியசைப்பார். பேருந்து நிலையம் வரை முழக்கம், திரும்பி வந்து உறுதிமொழி, பிறகு புகைப்படம். 2022 ஆகஸ்ட் 11 அன்று முதலமைச்சர் 'போதைப்பொருள் இல்லாத் தமிழ்நாடு' என்று உறுதிமொழி எடுக்க வைத்ததிலிருந்து ஆகஸ்டிலும் இதே சடங்கு சேர்ந்துகொண்டது.

நல்ல காரியம்தானே, இதில் என்ன குறை என்று கேட்கும் தோழர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். போதை ஒழிய வேண்டும் என்பதில் எங்களுக்கு எள்ளளவும் தயக்கம் கிடையாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலோர் தலித் கூலித் தொழிலாளர்கள். அப்பாவையும் அம்மாவையும் ஒருசேரப் பறிகொடுத்த பிள்ளைகள் அந்தத் தெருவில் இருக்கிறார்கள். போதையில் முதலில் சாகிறவர்கள் நாங்கள். அதனால்தான் போதைக் கல்வி என்ற பெயரில் எங்கள் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேட்கிறோம்.

அந்த ஓவியப் போட்டிப் படங்களை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். லுங்கி அவிழ்ந்து சாக்கடை ஓரம் கிடக்கும் ஒரு கறுத்த மனிதர். பக்கத்தில் பாட்டில். பின்னால் ஓலைக் குடிசை. வாசலில் தலைவிரி கோலமாக அழும் மனைவி, எலும்பும் தோலுமாகப் பிள்ளைகள். பள்ளிச் சுவரிலும் துண்டறிக்கையிலும் நாடகத்திலும் இதே மனிதர்தான். காரில் உட்கார்ந்து குடிக்கும் ஒப்பந்ததாரரை யாரும் வரைவதில்லை. கிளப்பில் குடிக்கும் அதிகாரியையும் வரைவதில்லை. குடிகாரன் என்றால் கூலிக்காரன், கூலிக்காரன் என்றால் காலனிக்காரன். இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. படமே சொல்லிவிடும்.

அந்த வகுப்பறையில் காலனியிலிருந்து வரும் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். படத்தில் இருப்பது தன் அப்பா என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். பக்கத்து பெஞ்சுக்கும் தெரியும். எங்கள் மாலை நேர வகுப்புக்கு வரும் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, போதை ஒழிப்பு நாடகம் நடந்த அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. குடிகாரர் வேடம் போட்ட பையன் அவள் அப்பா நடப்பது மாதிரியே நடந்து காட்டியிருக்கிறான். வகுப்பு முழுக்கச் சிரித்திருக்கிறது. அவள் அன்று கற்றுக்கொண்டது மதுவின் கேட்டை அல்ல, அது அவளுக்கு வீட்டிலேயே தெரியும். அப்பாவைப் பற்றி இனிப் பள்ளியில் வாய் திறக்கக் கூடாது என்பதைத்தான் கற்றுக்கொண்டாள். நாளைக்கு அவள் அண்ணன் ஹான்ஸ் போட ஆரம்பித்தால் எந்த ஆசிரியரிடம் போய்ச் சொல்வாள்?

அவள் அப்பாவின் கையில் அந்த பாட்டில் எப்படி வந்தது என்பது எந்த நாடகத்திலும் வராத கதை. சாவுக்குப் பறையடிக்கப் போகிறவருக்கும் குழி வெட்டுகிறவருக்கும் கூலியோடு சாராயமும் சேர்த்துக் கொடுப்பது நம் ஊர்களில் எத்தனை தலைமுறைப் பழக்கம்! இன்று அது குவார்ட்டராக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கூலியைக் குறைத்து போதையைக் கூட்டுவது எஜமானர்களுக்கு எப்போதும் கட்டுப்படியான கணக்கு. மலக்குழியில் இறங்குகிற தோழர்களைக் கேட்டால் குடிக்காமல் அந்த நாற்றத்தில் நிற்க முடியாது என்பார்கள். கல்குவாரி, தைல மரம் வெட்டு, பந்தி பரிமாறப் போகும் கேட்டரிங் வேலை என்று விடுமுறை நாளில் கூலிக்குப் போகும் நம் பையன்களின் கையில் முதல் பொட்டலத்தை வைப்பது பெரும்பாலும் உடன் வேலை செய்கிற மூத்தவர்தான். அலுப்புத் தெரியாது, போடு என்பார். சாதியும் கூலியும் சேர்ந்து ஊற்றிக் கொடுத்ததைத் தனிமனிதனின் ஒழுக்கக்கேடு என்று பள்ளியில் பாடம் நடத்தினால் எங்கள் பிள்ளைகள் தங்கள் அப்பன் ஆத்தாளை வெறுக்கத்தான் கற்றுக்கொள்வார்கள்.

'போதை' என்ற சொல் சாதியை மூடி மறைக்க எப்படிப் பயன்படும் என்பதற்கு இந்த மாவட்டமே சாட்சி. 2025 மே மாதம் வடகாட்டில் கோயில் திருவிழா நேரத்தில் தலித் மக்களின் குடியிருப்பு தாக்கப்பட்டது. வீடுகளும் வண்டிகளும் சேதப்படுத்தப்பட்டன, தீ வைக்கப்பட்டது. பெட்ரோல் பங்கில் மது போதையில் இருந்த இளைஞர்களுக்குள் ஏற்பட்ட தகராறு என்பதுதான் காவல்துறை முதலில் சொன்ன விளக்கம். நிலம், கோயில் என்று நெடுநாளாகப் புகைந்துகொண்டிருந்த பகை ஒரே சொல்லில் காணாமல் போனது. குடித்தால் யாருக்கும் கோபம் வரலாம். ஆனால் எந்தத் தெருவுக்குள் புகுந்து யார் வீட்டை அடிக்க வேண்டும் என்று பாட்டில் சொல்லிக் கொடுக்காது.

இப்போது அதே காவல்துறை வகுப்பறைக்குள் வந்து, கஞ்சா விற்பவர் யார் என்று தெரிந்தால் சொல்லுங்கள், பெயரை ரகசியமாக வைப்போம் என்கிறது. வேங்கைவயல் பிள்ளைகள் படிக்கும் மாவட்டத்தில்! குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட அந்த வழக்கில் இரண்டு ஆண்டு கழித்து, 2025 ஜனவரியில், சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகையில் பெயர் சேர்த்தது அதே ஊர் தலித் இளைஞர்கள் மூன்று பேரை. தகவல் சொன்னால் தலையில் என்ன விழும் என்று எங்கள் பிள்ளைகளுக்குக் கணக்குத் தெரியும்.

பள்ளியில் புத்தகப் பையைச் சோதிப்பதிலும் இந்தப் பாகுபாடு உண்டு. சோதனை எல்லோருக்கும் என்றுதான் சொல்வார்கள். முடி வெட்டு சரியில்லாதவன், அடிக்கடி லீவு போடுகிறவன், கடைசி பெஞ்சில் இருப்பவன் என்று வடிகட்டினால் கடைசியில் நிற்பது யார்? பையில் கூல் லிப் பொட்டலம் கிடைத்தால் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பள்ளியிலிருந்து விரட்டப்பட்ட பதினான்கு வயதுப் பையனுக்கு அடுத்த இடம் குவாரியும் அந்தப் பொட்டலமும்தான்.

காவல்துறையை ஆசிரியராக்கும் இந்த யோசனை புதிதும் அல்ல. 1983-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 'டேர்' என்ற பெயரில் தொடங்கினார்கள். சீருடை போட்ட காவலர் வகுப்புக்கு வந்து, போதையை வேண்டாம் என்று மறுக்கக் கற்றுக் கொடுப்பார். நாடு முழுக்கப் பரவியது, பணம் கொட்டியது. 1994-இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு போதைப் பழக்கத்தில் அதனால் ஏற்பட்ட மாற்றம் மிக அற்பம் என்றது. 2003-இல் அந்நாட்டுக் கணக்குத் தணிக்கை அமைப்பும், அதைப் படித்த பிள்ளைகளுக்கும் படிக்காத பிள்ளைகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று அறிக்கை கொடுத்தது. அவர்கள் பாடத்திட்டத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. அங்கே தோற்றுப்போன சரக்கைத்தான் நாம் இன்னும் கொடியசைத்து வரவேற்கிறோம்.

பயமுறுத்தலிலும் இதே கோளாறுதான். ஒரு முறை தொட்டால் செத்தாய் என்று மண்டை ஓடு வரைந்து காட்டுகிறார்கள். தெருவில் அண்ணன்மார் தினம் நான்கு பொட்டலம் போட்டுவிட்டு கபடி ஆடுவதைப் பையன் பார்க்கிறான். சார் சொன்னது பொய் என்று முடிவு செய்கிறான். பிறகு மெத்தனால் பற்றிச் சொல்லும் உண்மையையும் அவன் நம்பமாட்டான். எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாக இருந்த ஒரே போதை, முகர்ந்து இழுக்கும் பசை, தின்னர் வகையறாதான். பெரியவர்களில் 0.58 விழுக்காடு, சிறுவர்களில் 1.17. நம் பதாகைகளிலோ கஞ்சா இலையும் சிரிஞ்சும்தான். பஞ்சர் ஒட்டும் பசையையும் ஒயிட்னரையும் எங்கே வரைந்திருக்கிறார்கள்?

பள்ளியில் சொல்ல வேண்டியவை எவ்வளவோ இருக்கின்றன. போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985-இல் 64ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையானவர் தாமாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ அவர்மீது வழக்கு நடத்த முடியாது. சிகிச்சையைப் பாதியில் விடாமல் முடிக்க வேண்டும். இதை எந்த உறுதிமொழியிலாவது கேட்டிருக்கிறீர்களா? 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி பதினெட்டு வயதுக்குட்பட்ட யாரையும் காவல் நிலைய லாக்கப்பில் வைக்கக் கூடாது. அதே சட்டத்தின் 77-ஆம் பிரிவின்படி ஒரு குழந்தைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை சிறை. அதாவது சட்டம் கொடுத்தவனைத்தான் தேடச் சொல்கிறது, பள்ளி வாங்கியவனுக்கு டி.சி. கொடுக்கிறது. மயங்கிக் கிடக்கும் நண்பனை மல்லாக்கப் போடாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும் என்பதும் பாடம்தான். மாத்திரையைக் கரைத்து ஊசி போடும் பையன்களுக்கு மஞ்சள் காமாலையும் எச்.ஐ.வி.யும் எப்படிப் பரவும் என்பதும் பாடம்தான். புகார் சொல்ல 10581 என்ற எண்ணைப் பெரிதாக எழுதுகிறவர்கள், மீள உதவி கேட்க 14446 என்ற எண்ணும் உண்டு என்பதைப் பக்கத்தில் எழுதினால் என்ன?

இவர்கள் சொல்லித்தான் நாம் மதுவை எதிர்க்க வேண்டும் என்றில்லை. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அண்ணல் அம்பேத்கர் மக்களுக்குக் கொடுத்த 22 உறுதிமொழிகளில் மது அருந்துவதில்லை என்பதும் ஒன்று. அது நிமிர்ந்து நின்ற மக்கள் தங்கள் மானத்துக்காகத் தாமே எடுத்த உறுதி. தலைமையாசிரியர் மைக்கில் சொல்லச் சொல்லத் திரும்பச் சொன்னதல்ல.

கல்வி மதுவை எதிர்க்கும் என்பதற்கு இன்னும் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுந்தது. குவாரித் தொழிலாளிப் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் எழுத்துப் படித்தார்கள், சைக்கிள் ஓட்டினார்கள். உங்கள் அம்மாவோ பாட்டியோ அதில் இருந்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். அதே காலத்தில், அதே எழுத்தறிவு இயக்கத்தில், ஆந்திராவின் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டா கிராமத்தில் பெண்கள் ஒரு பாடத்தைப் படித்தார்கள். சாராயத்தால் சீரழிந்த குடும்பத்தின் கதை அது. படித்துவிட்டு, இது நம் கதைதானே என்று பேசினார்கள். பேசிவிட்டுப் போய்ச் சாராயக் கடையை மூடவைத்தார்கள். அந்தப் போராட்டம் மாநிலம் முழுக்கப் பரவி 1993 அக்டோபரில் அரசு சாராயத்தைத் தடை செய்தது. அந்தப் பாடத்திலும் குடிகாரக் கணவன் இருந்தான். ஆனால் வகுப்பில் இருந்தவர்கள் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை, கடை யாருடையது என்று கேட்டார்கள்.

நம் பள்ளிகளில் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது என்பதும் தெரிந்ததுதான். 2024-25-இல் டாஸ்மாக் வருவாய் 48,344 கோடி ரூபாய். கடையைக் கவனிப்பதும் விழிப்புணர்வு நடத்துவதும் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை என்ற ஒரே துறைதான். பெயரை வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு அதிகம்.

அதனால் நாமே கேட்போம். கிராமப்புறத்தில் பள்ளியிலிருந்து 100 மீட்டருக்குள்ளும், நகராட்சி, மாநகராட்சிப் பகுதியில் 50 மீட்டருக்குள்ளும் மதுக்கடை இருக்கக் கூடாது. கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது. ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள், கணக்கு வாத்தியாரையும் கூப்பிடுங்கள். பிறகு 10 ரூபாய் கட்டண வில்லை ஒட்டி, புதுக்கோட்டை முதன்மைக் கல்வி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கடந்த மூன்று கல்வியாண்டில் போதைப் பழக்கத்தைக் காரணம் காட்டி எத்தனை மாணவர்களுக்கு டி.சி. கொடுக்கப்பட்டது, அதில் பட்டியலினத்தவர் எத்தனை பேர்? எத்தனை பேர் மருத்துவ ஆலோசனைக்கு அனுப்பப்பட்டார்கள்? மாவட்டத்தில் உளவியல் ஆலோசகர்கள் எத்தனை பேர், எத்தனை பள்ளிக்கு ஒருவர்? பேரணிக்கும் பதாகைக்கும் எவ்வளவு செலவானது?

முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீட்டு மனுவை நாங்கள் எழுதித் தருகிறோம். வந்தால் ஒரு நகல் அனுப்புங்கள்.