பென்குயின் வாயில் மனுஷ வசவு

பென்குயினுக்குப் பேச வாய் கொடுத்தால் என்ன பேசும்? அமெரிக்க நகைச்சுவை நடிகர் பாப் சேகட்டைக் கேட்டிருந்தால், கெட்ட வார்த்தை பேசும், ஜோடி தேடி அலையும், குளிரைத் திட்டும், திரும்பவும் கெட்ட வார்த்தை பேசும் என்று சொல்லியிருப்பார். 2007 ஜனவரியில் தியேட்டர் பக்கமே போகாமல் நேராக டிவிடியில் வந்த 'ஃபார்ஸ் ஆஃப் த பென்குயின்ஸ்' படத்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நடப்பது இதுதான். எழுத்து, இயக்கம், முக்கியக் குரல் எல்லாமே சேகட். வர்ணனை சாமுவேல் எல். ஜாக்சன். அந்தக் குரலுக்குச் சம்பளம் கொடுத்துவிட்டு, அதை இப்படியா வீணடிப்பது!

படம் எடுத்த விதம் ரொம்பச் சுலபம். யாரோ எப்போதோ எடுத்து வைத்த பென்குயின் காட்சிகளை வாங்கி ஒட்டி, மேலே குரலைப் பூசினார்கள். பென்குயினின் அலகுகூட வசனத்துக்கு ஏற்ற மாதிரி அசையாது. சேகட்டுக்கு இது பழகிப்போன வேலை. வீட்டு வீடியோக்களைப் போட்டுச் சிரிக்க வைக்கும் அமெரிக்க டிவி நிகழ்ச்சியை 1989-லிருந்து 1997 வரை நடத்தியவர் அவர். சோபாவிலிருந்து விழும் பூனைக்கும், தாத்தாவின் தொப்பியைப் பிடுங்கும் நாய்க்கும் வருஷக்கணக்கில் குரல் கொடுத்தவர், கடைசியில் அண்டார்டிகா போய்ச் சேர்ந்தார்.

கிண்டலுக்கு ஆளான படம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். லூக் ஜாக்கே இயக்கிய பிரெஞ்சுப் படம், 2005-ல் வந்தது, அமெரிக்காவில் 'மார்ச் ஆஃப் த பென்குயின்ஸ்' என்று பெயர். எம்பரர் பென்குயின்கள் பனிமேல் நடந்து போய் முட்டையிட்டு, ஆண் பென்குயின் இரண்டு மாதத்துக்கும் மேல் பட்டினியாக அந்த முட்டையைக் காலில் வைத்துக் காக்கும் கதை. 2006-ல் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கார். அமெரிக்காவில் மட்டும் 7 கோடி டாலருக்கு மேல் வசூல், அதுவும் ஒரு டாக்குமெண்டரிக்கு!

இங்கேதான் ஒரு வேடிக்கை. சேகட் படத்தைப் பார்த்து "ஐயையோ, ஒரு நல்ல இயற்கைப் படத்தில் மிருகங்களைப் பேசவிட்டுக் கெடுத்துவிட்டான்" என்று தலையில் அடித்துக்கொண்டவர்கள் பலர். ஆனால் பிரெஞ்சு மூலத்திலேயே பென்குயின்கள் பேசத்தான் செய்தன! அப்பா பென்குயினுக்கு ஒரு நடிகர், அம்மாவுக்கு ஒரு நடிகை, குஞ்சுக்கு ஒரு பையன் என்று மூன்று பேர் தன்மையில் கதை சொன்னார்கள். அமெரிக்காவுக்கு வந்தபோது அந்தக் குரல்களை எடுத்துவிட்டு, பின்னணி இசையையும் மாற்றி, மார்கன் ஃப்ரீமேனின் கடவுள் குரலை வைத்தார்கள். ஆக, பேசும் பென்குயினைச் சேகட் கண்டுபிடிக்கவில்லை. எடுத்துப் போட்ட குரலைத் திரும்பக் கொண்டுவந்தார், அவ்வளவுதான். என்ன, கொண்டுவந்தது சாக்கடை வழியாக :-)

சரி, ஃப்ரீமேன் குரல் மட்டும் பென்குயினை உள்ளபடி காட்டியதா? இது ஒரு காதல் கதை என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறது அந்த வர்ணனை. பார்த்தவர்களும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஒருதார வாழ்க்கை, தியாகம், பிள்ளை வளர்ப்பு என்று நம் பாரம்பரியத்தை உயர்த்திப் பிடிக்கும் படம் என்று மைக்கேல் மெட்வெட் போன்ற பழமைவாத விமர்சகர்கள் அமெரிக்காவில் கொண்டாடினார்கள். அதே 2005-ல், நியூயார்க் சென்ட்ரல் பார்க் மிருகக்காட்சி சாலையில் ஜோடியாக இருந்து குஞ்சு வளர்த்த இரண்டு ஆண் பென்குயின்களைப் பற்றிய குழந்தைகள் புத்தகம் வந்தது. அதை நூலகத்திலிருந்து தூக்கச் சொல்லி வருஷக்கணக்கில் சண்டை. பாவம், அந்தப் பறவைகள் மீன் பிடித்தோமா, குஞ்சு பொரித்தோமா என்று இருந்தன. இரண்டு கட்சியும் அவற்றைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டார்கள்.

எம்பரர் பென்குயின் ஒரு பருவத்துக்குத்தான் ஒரே ஜோடி. அடுத்த வருஷமும் அதே ஜோடியோடு சேர்பவை சுமார் 15 சதவீதம்தான். காரணம் ஒழுக்கக்கேடு கிடையாது. அதற்குக் கூடு கிடையாது, முட்டை காலின் மேல் இருக்கிறது. போன வருஷம் சந்தித்த இடம் என்று ஒன்று இருந்தால்தானே திரும்ப அங்கே போய் நிற்க முடியும்? பருவமோ குறுகியது. பழைய ஜோடி வருமா, கடலிலேயே செத்ததா என்று காத்துக்கொண்டிருந்தால் அந்த வருஷக் குஞ்சு போச்சு. கையில் தாலியும் கிடையாது, மனதில் துரோகமும் கிடையாது.

இந்த இடத்தில் சேகட் பக்கம் கொஞ்சம் நியாயம் சொல்லியாக வேண்டும். பஞ்சதந்திரத்தில் நரி பேசினால் எந்தக் குழந்தையும் காட்டு நரியிடம் போய்ப் பேச்சுக் கொடுக்காது. அதே மாதிரி, மதுக்கடை பாஷையில் ஒரு பென்குயின் திட்டினால் அதை நம்பும் ஆள் உலகத்தில் கிடையாது. கொச்சையான கிண்டல் யாரையும் ஏமாற்றுவதில்லை. மரியாதையான குரல்தான் ஏமாற்றும். 1958-ல் டிஸ்னி எடுத்த 'ஒயிட் வைல்டர்னஸ்' ஆவணப்படத்தில் லெம்மிங் என்ற எலி ஜாதிப் பிராணிகள் கூட்டமாகப் போய்த் தண்ணீரில் விழுந்து சாகும் காட்சி உண்டு. அவை தாமாக விழவில்லை. வேறு இடத்திலிருந்து வாங்கி வந்து, படம் எடுக்க விரட்டித் தள்ளியது என்று 1980-களில் கனடா தொலைக்காட்சி தோண்டி எடுத்தது. அதற்குள் அந்தப் படம் ஆஸ்காரே வாங்கியிருந்தது. லெம்மிங் தற்கொலை செய்துகொள்ளும் என்று இன்றைக்கும் படித்தவர்கள்கூடச் சொல்கிறார்கள். கெட்ட வார்த்தை எதுவுமே இல்லாத, குடும்பத்தோடு பார்க்கும்படியான பொய்!

அப்படியானால் சேகட் படம் நல்ல படமா? இல்லவே இல்லை. ஆபாசம் அதன் கோளாறு அல்ல, சோம்பேறித்தனம்தான் கோளாறு. திரையில் பென்குயின் என்ன செய்கிறது என்று அதில் யாருமே பார்க்கவில்லை. பென்குயினுக்குப் பதிலாக இரண்டு ஆட்டை நிறுத்தினாலும் அதே வசனம் ஓடும். பெண் பென்குயின்களுக்கு வேலை, ஆண்களைப் பற்றிப் புலம்புவதும் ஆண்களால் கிண்டல் செய்யப்படுவதும். அலுத்துப்போன ஆண்களின் அரட்டைக்குக் கறுப்பு வெள்ளைச் சட்டை மாட்டினால் எப்படியோ அப்படி.

உண்மையான பென்குயினைப் பார்த்திருந்தால் சேகட்டே வெட்கப்பட்டிருப்பார் என்பதுதான் இதில் பெரிய கூத்து. கேப்டன் ஸ்காட்டின் 1910-13 பயணத்தில் போன மருத்துவர் ஜார்ஜ் மர்ரே லெவிக், கேப் அடேரில் அடேலி பென்குயின் கூட்டத்தை ஒரு முழுப் பருவமும் கவனித்தார். இளம் ஆண்கள் செத்துப்போன பெண் பறவையோடுகூட உறவுகொள்வதைப் பார்த்து அதிர்ந்து, குறிப்பேட்டில் சில இடங்களைக் கிரேக்க எழுத்தில் எழுதி வைத்தார், கண்டவர் படிக்கக் கூடாதே என்று! ஊர் திரும்பி எழுதிய கட்டுரையை அதிகாரபூர்வ அறிக்கையில் சேர்க்கவில்லை. வெளியிடுவதற்கு அல்ல என்ற குறிப்போடு 100 பிரதி மட்டும் அடித்துத் தெரிந்தவர்களுக்குள் சுற்றவிட்டார்கள். அது அறிவியல் இதழில் வெளிவந்தது 2012-ல். அந்தப் பறவைக்கு வக்கிரம் என்றால் என்னவென்று தெரியாது. அனுபவமில்லாத ஆணுக்கு, அசையாமல் கிடக்கும் உடல் இணங்கி நிற்கும் ஜோடி மாதிரித் தெரிகிறது. லெவிக்கின் வெட்கத்தில் இருக்கும் நகைச்சுவையில் பாதிகூடச் சேகட் படத்தில் கிடையாது.

கொச்சையாகவும் பேசி, மிருகத்தையும் பார்க்க முடியும் என்பதற்கு உதாரணம் 2011-ல் இணையத்தைக் கலக்கிய ஹனி பேட்ஜர் வீடியோ. நேஷனல் ஜியாகிரபிக் காட்சிகளை எடுத்து, ராண்டல் என்ற பெயரில் ஒருவர் வாய்க்கு வந்தபடி பேசினார். ஆனால் வித்தியாசம் பாருங்கள். அவர் அந்தப் பிராணியைப் பேசவிடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்க்கும் ஆள் மாதிரி, அது செய்வதைக் கண்டு முகம் சுளிக்கிறார், வாய் பிளக்கிறார். பாம்புக் கடி வாங்கி மயங்கி விழுந்து, கொஞ்ச நேரத்தில் எழுந்து அதே பாம்பைத் தின்னத் தொடங்கினால் யாருக்குத்தான் வாயில் நல்ல வார்த்தை வரும்? அந்த மூன்று நிமிஷத்துக்குப் பிறகு அப்படி ஒரு பிராணி இருப்பதே பல லட்சம் பேருக்குத் தெரிந்தது.

இந்த மாதிரிப் படங்களுக்குக் கக்கூஸ் ஜோக்தான் உயிர்மூச்சு. அந்த விஷயத்திலும் பென்குயின் முந்திக்கொள்கிறது. எம்பரர் பென்குயின் கூட்டங்கள் எங்கே இருக்கின்றன என்று விஞ்ஞானிகள் விண்வெளியிலிருந்து கண்டுபிடிப்பது எதை வைத்துத் தெரியுமா? எச்சத்தை வைத்து. தனிப் பறவை செயற்கைக்கோள் படத்தில் தெரியாது, வெள்ளைப் பனியில் பழுப்புக் கறை தெரியும். அந்தக் கறையைத் தேடித் தேடியே பல புதிய கூட்டங்களைக் கண்டுபிடித்தார்கள். 2022 கடைசியில் பெல்லிங்ஸ்ஹாசன் கடலில் பனி வழக்கத்தைவிட முன்னதாக உடைந்தது. அங்கே கவனித்து வந்த ஐந்து இடங்களில் நான்கில், குஞ்சுகளுக்குத் தண்ணீர் புகாத இறகு முளைப்பதற்கு முன்பே காலடிப் பனி போய்விட்டது. படத்தில் அந்தப் பழுப்புக் கறையும் இல்லை.